மாமன் மடி

“குழந்தைய மாமன் மடியில உட்கார வைங்க. ஜல்தி, நல்ல நேரம் போவுது” என்றார் ஆசாரி.

திருவாமாத்தூர் கோயில் மண்டபத்தில் காதுகுத்து. திண்டிவனத்திலிருந்து சீர்த்தட்டோடு வந்திருந்த தாய்மாமன் பிரவீன்குமார் சம்மணமிட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

குழந்தையை வைத்திருந்த சங்கவி இரண்டடி பின்னால் போனாள்.

“தர மாட்டேன். அவரு உதட்டுல கொப்புளம் இருக்கு. முத்தம் குடுத்தா குழந்தைக்கு வாயெல்லாம் புண்ணாயிடும்.”

“இது வெறும் சூட்டுக் கொப்புளம்” என்று பிரவீன்குமார் துண்டால் உதட்டை மூடிக்கொண்டான்.

“சூடு இல்ல, தொத்து. டாக்டரே சொன்னாரு.”

ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, மாப்பிள்ளை வூட்டுப் பொண்ணுன்னா இவ்ளோ திமிரா? சீர் கொண்டாந்த மாமனை சபையில இப்டித்தான் அவமானப்படுத்துவியா?”

“நான் மாப்பிள்ளை வூடு இல்லீங்க. அந்தச் சீர்த்தட்டைத் தூக்கிக்கினு வந்தவளே நான்தான். இவரு என் வூட்டுக்காரரு.”

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார்.

“போன தடவை இதே கொப்புளத்தோட எங்க புள்ளைக்கு முத்தம் குடுத்தாரு. அது வாயெல்லாம் வெந்து, பால்கூட எறங்காம, ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்திக்கினு கெடந்துச்சு. அப்பவும் எல்லாரும் சூடுன்னுதான் சொன்னாங்க.”

பிரவீன்குமார் எழுந்தான். அவன் இடத்தில் சங்கவி உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கொப்புளம் ஆறட்டும், மாமன் வந்து கொஞ்சட்டும். இன்னிக்கு அத்தை மடிதான். குத்துங்க.”