கரித்துண்டு

டாக்டர் சேஷன் மறுபடியும் உதைத்தார். வண்டி 'புஸ்' என்றது. அவ்வளவுதான்.

"ஐயா, சீக்கிரம்யா..." என்றான் திரவியம்.

பொன்முடி எஸ்டேட்டில் கூலி வேலை பார்ப்பவன். அவன் பெண்டாட்டிக்கு ராத்திரி முழுக்கப் பிரசவ வலி. குழந்தையின் கை மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மலையடிவாரத்து வித்துரா வரைக்கும் கட்டிலோடு தூக்கி வந்து கிடத்திவிட்டு, தேயிலை லாரியில் தொற்றிக்கொண்டு டாக்டரைத் தேடி நகரத்துக் கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத்துக்கு வந்திருக்கிறான்.

யுத்த காலம். பெட்ரோல் ரேஷன். அவனை இறக்கிவிட்ட லாரியும் போய்விட்டது. வாடகைக் கார்களெல்லாம் ஷெட்டில் தூங்கின. அக்ரகாரத்தில் ஓடுகிற வண்டி டாக்டரின் ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அதுவும் இன்றைக்கென்று பார்த்து மக்கர்.

இன்றைக்கென்று பார்த்து டாக்டரின் அப்பாவுக்குத் திவசம் வேறு. உள்ளே சாஸ்திரிகள் காத்திருந்தார்.

"திவசத்தை வச்சுண்டு பிரசவத் தீட்டிலே போய் விழப்போறீரா ஓய்?" என்றார் எதிர்வீட்டு நாகேஸ்வரன். காசில்லாமல் வேடிக்கை கிடைத்தால் அவர் ஆபீஸுக்குக்கூடப் போகமாட்டார்.

நிலைப்படியில் மடிப்புடவையோடு நின்ற லலிதாம்பாள், கணவருக்காகப் பதில் சொன்னாள்.

"போகட்டும் மாமா. உயிரல்லவா பெரிசு? மாமனார் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார். போயிட்டு வந்து ஸ்நானம் பண்ணிட்டுத் திவசம் பண்ணட்டும்."

திரவியம் தெருவிலிருந்தே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பெருங்காய டப்பாவைக் காணலையே?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், சமையலுக்கு ஒத்தாசையாக வந்த சிவகாமியம்மாள்.

"திவசச் சமையலுக்கு அது ஆகாதே! விடியக்காலமே பரண்மேலே ஏத்திட்டேன். இன்னிக்கு யாரும் அதைத் தொடப்படாது, கேட்டேளா!" என்றாள் லலிதாம்பாள்.

டாக்டர் பெட்ரோல் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் வந்தது. கார்ப்புரேட்டரை ஊதினார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சிலிண்டர்மேல் படுக்கவைத்து உதைத்தார். பொறி இல்லை. புதுப் பிளக் போட்டார். அதிலும் இல்லை.

"தள்ளிப் பாக்கட்டுமாய்யா?"

திரவியம் தெருக்கோடி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினான். அங்கிருந்து தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். வேட்டி வியர்வையில் நனைந்துபோயிருந்தது.

கடைசியில் டாக்டர், பொறி தருகிற மேக்னட்டோவைத் திறந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"லலிதா, கரியைக் காணோம்! ஞாயித்துக்கிழமை துடைக்கறச்சே உன் கையிலே குடுத்து வச்சுக்கச் சொல்லி, அப்புறம் வாங்கி மாட்டினேனே, நகத்தளவுத் துண்டு. அது இல்லேன்னா பொறியே வராது."

"ஐயோ! எங்கே விழுந்துதோ?"

வாசல் நடை ஓரமெல்லாம் டாக்டரும் திரவியமும் மண்ணை அளைந்து தேடினார்கள். சாலைக் கடைத்தெருவில் அந்தச் சாமானைக் கண்டு வருஷக்கணக்காகிறது. டாக்டர் டார்ச் பாட்டரியை உடைத்து, அதிலிருந்த கரியை எடுத்து அரத்தால் ராவினார். கரி ஒடிந்தது. வீட்டில் வேறு பாட்டரி இல்லை.

நாகேஸ்வரன் சிரித்தார். "மூடி போட்டபடியே இருந்துது. உள்ளே இருக்கற கரிக்கு மட்டும் கால் முளைச்சுதோ? நேத்து சாயங்காலம் ஜம்முனு வந்து இறங்கினீரே! வர முடியாதுன்னு அவன்கிட்டே நேரே சொல்லப்படாதோ? எதுக்கு ஓய் நாடகம்?"

திரவியம் ஒடிந்த கரியைப் பார்த்தான். டாக்டரின் பூணூலைப் பார்த்தான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லாய்யா" என்றான். "வேற ஆளைத் தேடியிருப்பேன்."

"சத்தியமா சொல்றேன், திரவியம்..."

அவன் நிற்கவில்லை. ஓடினான்.

"சாயங்காலம் பஸ் இருக்கு, அதிலே போங்கோ" என்றாள் லலிதாம்பாள். "அதுவரைக்கும் சும்மாத்தானே இருக்கணும்? சாஸ்திரிகள் காத்துண்டிருக்கார்."

திவசம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. போன வருஷம் இதே நாளில் டாக்டர் ஒரு கேஸுக்குப் போய், அஸ்தமித்தபிறகுதான் வந்தார். திவசம் தவறிப்போனதற்கு உறவுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் லலிதாம்பாள்தான். இந்த வருஷம் அவளை எல்லோரும் வாயார வாழ்த்தினார்கள்.

பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ் மூச்சு வாங்கி வாங்கி டாக்டரை வித்துராவில் கொண்டு சேர்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. திரவியம் டாக்டரின் காலடியில் காறித் துப்பினான்.

மறுநாள் காலை டாக்டர் வண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். கரியை டாக்டர்தான் ஒளித்து வைத்தார் என்று அதற்குள் தெரு முழுக்கப் பேச்சு. இனி எந்த லயத்திலிருந்தும் யாரும் அவரைக் கூப்பிட வரமாட்டார்கள்.

லலிதாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. நிஜமாகவே அழுதிருந்தாள்.

"இதோ பாருங்கோ, வாசல் தெளிக்கறச்சே நடை ஓரமாக் கிடந்தது. நீங்க மனசறிஞ்சு ஒரு தப்பும் பண்ணலை. அந்தப் பொண்ணுக்கு ஆயுசு அவ்வளவுதான்."

டாக்டர் அந்தக் கரித்துண்டை வாங்கினார். ஒட்டியிருக்கும் மண்ணை ஊதலாம் என்று முகத்தருகே கொண்டுபோனார்.

மண் ஒரு துளி இல்லை. குப்பென்று அடித்தது, பரண்மேல் ஏற்றி வைத்த டப்பாவின் பெருங்காய வாசனை.