உள்ளே சிரித்தது யார்

ஓர் இசைக்குழுவின் ஒத்திகை அறையில் பேஸ் கிடாருக்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. பாட்டு சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அதன் சத்தம் பட்டென்று நின்றுவிடும்.

"நான் இல்லப்பா, ஒயர்தான்" என்றது ஆம்ப்ளிஃபயர். ஒயரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். மறுபடியும் நின்றது.

"அப்போ கிடார்தான்."

கிடாரையும் மாற்றினார்கள். மறுபடியும் நின்றது.

புதிதாக வந்த ஒயர் மெல்லக் கேட்டது: "அண்ணே, சத்தம் நிக்கறப்பல்லாம் உங்க வயித்துக்குள்ள யாரோ கிலுகிலுன்னு சிரிக்கிறாங்களே?"

"வந்த அன்னிக்கே இவ்வளவு வாயா? அடுத்தது நீதான்."

அதுவும் குப்பைக்குப் போனது.

கடைசியில், "வாசிக்கிறவன் கையே சரியில்ல" என்றது ஆம்ப்ளிஃபயர். பேஸ் வாசித்த இன்னாசி எழுந்து போனான். மற்றவர்கள் வேறு ஆள் தேடிக் கிளம்பினார்கள். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார்கள்.

காலி அறையில் ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பட்டென்று நின்றது.

உள்ளே கிலுகிலுவென்று சிரிப்பு.

"யாரது?"

வயிற்றுக்குள் என்றைக்கோ கழன்று விழுந்த ஸ்குரூ ஒன்று பதில் சொன்னது: "நான்தான் அண்ணே. இப்போ யாரைச் சொல்லப்போறீங்க?"