எண் இல்லாத ஊர்

பட்டியல் தாறுமாறாக உடைந்து கிடந்தது.

ஊர்ப் பெயர் ஒரு வரியில், அந்த ஊரின் போன் நம்பர் அடுத்த வரியில். சில இடங்களில் நம்பரே இரண்டாக முறிந்து, பாதி மேலே, பாதி கீழே.

"யாரு அண்ணே இதுல கை வச்சது?" என்றாள் லெய்மாரா.

அந்தச் சின்ன எச்சரிக்கை அலுவலகத்துக்குத் தலைவரான கால்தாபு கூரையைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டுக்குக் கேட்டாங்க. எக்செல்ல திறந்து, கட்டம் கட்டி, கொஞ்சம் அழகா இருக்கட்டுமேன்னு..."

"நல்லா கட்டினீங்க, போங்க."

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் இரண்டாம் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து ஓடி வந்திருந்தாள். பூப்போட்ட புது உடை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

விடியற்காலையில் எங்கோ தூரத்தில், கிழக்கே கடலுக்கடியில் நிலம் குலுங்கியிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் சுனாமி அலை வடக்குத் தீவுகளைத் தொடும் என்று கணக்கு. ரேடியோவிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவை யார் கேட்கிறார்கள்?

அதற்குத்தான் இந்தப் பட்டியல். ஊருக்கு ஒரு போன். வாத்தியாரிடம், நர்ஸிடம், கடைக்காரரிடம் என்று யாராவது ஒருவரிடம் இருக்கும். செய்தி வந்ததும் அவர் ஓடிப்போய், மாமரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் ஊரே போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடும்.

செய்தி அனுப்பும் கணினி நிரலை எழுதியவள் லெய்மாராதான். அது ஒரு முரட்டுப் பிறவி. நம்பர் இல்லாத வரியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் வரிசையில் இருக்கும் அத்தனை ஊருக்கும் செய்தி போகாது.

"கையாலயே ஒவ்வொண்ணா சேத்துடலாமா? நானும் கூட உக்காரட்டுமா?" என்றார் கால்தாபு.

"நீங்க எதையும் தொடாம இருந்தாலே போதும், சாமி."

முதலில் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டாள். தலை போகிற அவசரத்திலும் மூலத்தில் கை வைக்கமாட்டாள். இந்த வேலையில் ஒரு தடவை சூடு பட்டவர்கள் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை எழுதினாள். எழுத்தில் தொடங்கும் வரி ஊர், அதை அப்படியே விடு. எண்ணில் தொடங்கும் வரி மேல் வரியின் மிச்சம், அதைக் கொண்டுபோய் மேலே ஒட்டு.

என்டர் தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் நானூறு ஊரும் அதனதன் வரியில் போய் உட்கார்ந்துகொண்டன.

அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. எண் இல்லாத ஊர் ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு கட்டளையில் கேட்டாள்.

0 என்று வந்தது.

"அட்றா சக்கை!" என்றார் கால்தாபு. "அனுப்பு தாயி, அனுப்பு."

அனுப்பினாள்.

திரையில் செய்தி போய்ச் சேர்ந்த ஊர்கள் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன. எங்கேயும் நிற்கவில்லை. கடைசி ஊரும் பச்சையானதும் கால்தாபு ஒரு பெருமூச்சு விட்டு, மனைவி கொடுத்தனுப்பிய லாப்லாப் என்ற கிழங்குப் பலகாரப் பொட்டலத்தின் வாழையிலையைப் பிரித்தார்.

"ஒண்ணுகூட பாக்கியில்ல. கைய கழுவிட்டு வா, ஆளுக்குப் பாதி."

லெய்மாராவுக்குச் சிரிப்பு வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மேஜைமேல் இருந்த அவளுடைய கைப்பை அதிர்ந்தது.

வீட்டிலிருந்து அம்மாவாக இருக்கும் என்று போனை எடுத்தாள்.

'லோன்வாரா. பெரிய அலை வருகிறது. உடனே சிலிண்டரை அடித்து எல்லோரையும் மேட்டுக்கு அனுப்பவும். செய்தி கிடைத்ததும் 1 என்று பதில் தரவும்.'

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

போன வருடம் நிரலை முதன்முதலாக ஓட்டிக் காட்டிய அன்று லோன்வாரா வரி மட்டும் காலியாக இருந்தது. அந்த ஊர் சர்ச் டீக்கன் தாரியின் போன் தூண்டில் போடும்போது கடலில் விழுந்திருந்தது. புதுசு வாங்கினதும் நம்பர் தருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். காலி வரியில் நிரல் நின்றுவிடும். இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு மட்டும் என்று அந்த வரியில் தன் நம்பரைப் போட்டாள்.

அதற்குப் பிறகு சோதனையும் நடக்கவில்லை, அலையும் வரவில்லை.

லோன்வாராவுக்குப் பக்கத்து ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடந்தால் அரை நாள்.

"அண்ணே, லோன்வாராவுல வேற யார்கிட்டயாவது போன் இருக்கா?"

"லோன்வாராவா?" கால்தாபு வாய் நிறைய லாப்லாப்போடு திரையருகே குனிந்து பார்த்தார். "அதான் போய்ச் சேந்துருச்சே. பச்சையா இருக்கு பாரு."

பதில் தராத ஊரை அப்படியே விட்டுவிடக் கூடாது, பதில் வரும்வரை திரும்பத் திரும்ப எச்சரிக்க வேண்டும் என்றும் அவள்தான் நிரலில் எழுதி வைத்திருந்தாள்.

கையிலிருந்த போன் மறுபடியும் அதிர்ந்தது.