சுண்ணாம்புக் குழியில் தண்ணீர் ஏறும் நேரம்

அரியலூர் அருகே கைவிடப்பட்ட சுண்ணாம்புக் குழியின் கலங்கல் நீரைத் தெளியவைக்க, அனுசுயா தான் ஆய்வகத்தில் உருவாக்கிய பாக்டீரியாவைத் தேங்காய்நார்ப் பாய்களில் ஏற்றி மிதக்கவிட்டாள். மூன்றே மாதத்தில் நீர் பளிங்கானது. குடிக்கலாம் என்று பரிசோதனை முடிவும் வந்தது.

காவலாளி லியோ பிரபுதான் தயங்கினார். "மழையே இல்லைங்க மேடம். ஆனா தண்ணி காலையில ஒரு அடி ஏறுது, மத்தியானம் எறங்குது, சாயந்திரம் மறுபடி ஏறுது."

அனுசுயா ஒரு வாரம் கரையிலேயே உட்கார்ந்து குறித்தாள். அவர் சொன்னது சரி. ஏற்றம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போனது, கடலின் ஏற்ற இறக்கம் போலவே. கடல் எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

"ஊர்ச்சனம் குடத்தோட நிக்குதுங்க. என்ன சொல்லட்டும்?"

ஒரு கை அள்ளிக் குடித்தாள். உப்பே இல்லை, தித்தித்தது.

"தாராளமா எடுக்கச் சொல்லுங்கண்ணே."

பிறகு கரையில் நட்டிருந்த 'குடிநீர்' பலகையின் அடியில் சாக்பீஸால் எழுதினாள்: 'நாளை ஏற்றம், காலை 6.50. குழந்தைகளைப் படியில் விடாதீர்கள்.'