மலைக்குப் போகும் உப்பு

"நில்லுடா பியென்! மூட்டையில என்ன?"

உப்பள வரப்பில் உப்புச் சங்கத் தலைவர் தெங் வண்டியை மறித்து நின்றார். போஹாய் கடற்பனி இன்னும் கலையவில்லை. பாத்தியும் வானமும் ஒரே வெள்ளை. நடுவில் கைவண்டியோடு நின்ற பியென், மேகத்துக்குள் நிற்கிறவன் மாதிரி தெரிந்தான்.

"உப்புதான் தலைவரே. இங்க வேற என்ன விளையுது?"

"கேட்டீங்களா டாக்டரம்மா? சங்கத்துல அயோடின் கலந்து, பொட்டலம் போட்டுத்தான் உப்பு வெளியே போகணும். இவன் வெறும் உப்பைத் திருட்டுத்தனமா மலை ஊருக்குத் தள்ளுறான்!"

பக்கத்தில் நின்ற டாக்டர் சூஜெனுக்கு அரைத் தூக்கத்தில் யாரோ உலுக்கினாற்போல் இருந்தது. மாவட்டச் சுகாதார நிலையத்திலிருந்து அவள் இங்கே வந்ததே அந்த மலை ஊர்களுக்காகத்தான். அயோடின் குறைவால் கழுத்தில் கழலை தொங்கும் பெண்கள். ஏழு வயதாகியும் 'அம்மா' என்று சொல்ல வராத பிள்ளைகள்.

"அங்க பிறக்கிற குழந்தைங்களைப் பார்த்திருக்கீங்களா?" அவள் பியெனிடம் திரும்பினாள்.

"என் சம்சாரம் அந்த ஊர்தான்மா." பியென் தலை குனிந்தான். "அவ அக்காவுக்கு ரெண்டு பசங்க. ரெண்டுக்கும் பேச்சு வரல."

"தெரிஞ்சுமா இதைச் செய்யறீங்க?"

"பொட்டலம் வாங்க அவங்களுக்கு வசதியில்ல. காய்ஞ்ச கிழங்கு குடுப்பாங்க, நான் உப்பு குடுப்பேன்."

"வாயாலயே ஒத்துக்கிட்டான் பாருங்க!" தலைவர் துள்ளினார். "போலீசுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"முதல்ல சோதிச்சுடறேன்."

சூஜென் மூட்டையை அவிழ்த்து, ஒரு கரண்டி உப்பில் சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டாள். அயோடின் இருந்தால் நீலமாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே கிடக்கும்.

பனிக்குள் பூ ஒன்று அவிழ்கிற மாதிரி, மெல்ல மெல்ல நீலம் விரிந்தது.

அடுத்த மூட்டை. அதுவும் நீலம்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. "யார் கலந்தது?"

"நான்தான். போன வருஷம் சங்கத்துல சொல்லிக் குடுத்தீங்களே, அதே அளவு."

"அன்னிக்கு நீங்க கடைசி வரிசையில தூங்கிட்டில்ல இருந்தீங்க?"

"கண்ணை மூடினாத்தான்மா எனக்குக் காது நல்லா கேக்கும்."

சூஜெனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அயோடின் மருந்து ஏது இவனுக்கு?" தலைவர் கத்தினார். "சங்கக் கிடங்குல திருடியிருக்கான்!"

"ஆமா, திருடினேன்." பியென் முதல்முறையாக நிமிர்ந்தான். "நீங்க குடுத்தனுப்பின பன்னெண்டு டப்பாவும் ஒரு வருஷமா சீல் உடைக்காம அப்படியே கெடந்துச்சு டாக்டரம்மா. ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்தேன். பதினொண்ணு இன்னும் தூசி படிஞ்சு அங்கயேதான் இருக்கு."

சூஜென் தலைவரைப் பார்த்தாள். "அப்போ அயோடின் உப்புன்னு இத்தனை நாளா பொட்டலம் போட்டு வித்தது வெறும் உப்பையா?"

தலைவர் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூஜென் பேனாவைத் திறந்தாள்.

"உங்க முழுப் பேரைச் சொல்லுங்க, தலைவரே."