பூனைக்குக் குளிர்

மலை மேல் ஒரு வீட்டில் ஹீட்டரும் கணப்புச் சட்டியும் எப்போதும் வாய்ச்சண்டை போடும்.

"உன்னைப் போட்டா கரண்ட் பில் எகிறும்" என்றது சட்டி.

"கரி மட்டும் சும்மாவா வருது?" என்றது ஹீட்டர்.

"இந்தக் குளிருக்கு உங்க ரெண்டு பேரையும் யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டது பூனை.

உண்மைதான். செலவை நினைத்து, "எனக்கு ஒண்ணும் குளிரலையே" என்பார் வீட்டுக்காரர் லூர்து. மனைவி செலினும் அதையே சொல்வார். இருவருக்கும் விரல்கள் விறைத்திருக்கும்.

அன்று சாயங்காலம் பூனை அவர்கள் நடுவில் போய்ப் படுத்து நடுங்கத் தொடங்கியது.

"பாவம், பூனைக்குக் குளிருதுங்க" என்று செலின் கரியைப் பற்றவைத்தார். அதற்குள் லூர்து ஹீட்டரைப் போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பூனைக்கு ரோமத்துக்குள் புழுங்கியது. ஆனாலும் அது நடுங்குவதை நிறுத்தவில்லை.