வெள்ளிக்கிழமை வரை

மதியம் மூன்று மணி. கல்வியியல் நூலகத்தின் மேற்குச் சன்னல் வழியே வரும் வெயில், புதுவரவுக் கண்ணாடிப் பெட்டியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே நிற்கும் குழந்தை உளவியல் புத்தகங்களின் அட்டைகள் வெளுத்துத் தெரிகின்றன. மின்விசிறி கடகடக்கிறது. பச்சைத் துணி போர்த்திய செய்திப் பலகையின் முன்னால் நூலகர் தையல்நாயகி நிற்கிறாள். பதினாறு வருடங்களாக இதில் எல்லாச் செய்தியையும் அவள்தான் குத்திவைக்கிறாள். இன்றைய தாளையும் அவளே தட்டச்சு செய்தாள்: 'நூலகர் தையல்நாயகி வரும் வெள்ளிக்கிழமையுடன் பணி ஓய்வு பெறுகிறார்.' தாள் சற்றுக் கோணலாக இருக்கிறது. குண்டூசியைப் பிடுங்கி, நேராக்கி, மறுபடி குத்துகிறாள். தினமும் வருகிற பி.எட். மாணவி அஸ்ஃபியா, கையில் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து நின்று பலகையைப் படிக்கிறாள். தையல்நாயகி புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்தபடி காத்திருக்கிறாள்.

"தையல்நாயகின்னா யாருங்க மேடம்?"

தையல்நாயகி குண்டூசியை இன்னொரு முறை அழுத்திவிடுகிறாள்.

"இங்க வேல பார்த்தவங்கதாம்மா."

"அப்படிங்களா" என்று அஸ்ஃபியா புத்தகத்தை நீட்டுகிறாள். தையல்நாயகி மேசைக்குப் போய், முத்திரையை மைத்தட்டில் அழுத்தி, திருப்பித் தரவேண்டிய நாளாக அடுத்த மாதத்துத் தேதி ஒன்றைப் பதிக்கிறாள். ஈரம் காயும்வரை ஊதிவிட்டு மூடிக் கொடுக்கிறாள்.